புனாவில் ஒரு சினிமாக் கலாசாலை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. இந்தப் பழமொழிக்குச் சினிமாத் தொழிலில் இருந்த மதிப்பு வேறு எந்தத் தொழிலிலும் இருந்ததில்லை எனலாம். “படம் எடுக்கும் வித்தையைப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா? பாடம் கேட்டுவிட்டு வருகிறவன் காமிராவைத் தொட்டால் கை நடுங்காதா?” என்று ஸ்டூடியோக்காரர்கள் நெடுங்காலம் கேட்டு வந்தார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், அதே கேள்விக்கு நடுவில், பம்பாயிலிருந்து டெக்கான் குவீன் வண்டியில் போய்ச் சேரும் தொலைவில், ஒரு சினிமாக் கலாசாலை எழுந்தது. ஏட்டையும் கையையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்த அந்தக் கலாசாலையின் வரலாற்றைச் சற்று நினைவுகூர்வோம்.

இன்று புணே என்று வழங்கும் புனா நகரத்துக்கும் தமிழ்நாட்டுச் சினிமாவுக்கும் உள்ள உறவு, அந்தக் கலாசாலையைவிட மிகப் பழமையானது. சென்னையில் மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியார், தாதாசாகிப் பால்கேயின் புராணப் படங்களைப் பார்த்துவிட்டு, நாமும் இப்படி ஒன்று செய்தால் என்ன என்று ஆசை கொண்டார். ஆசை இருந்தது; வித்தை இல்லை. அதைக் கற்பிக்க ஒரு பள்ளியோ, படித்தறிய ஒரு தமிழ்ப் புத்தகமோ அந்நாளில் இல்லை. கர்ஸன் பிரபுவைப் பற்றிய படத்தில் வேலை செய்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் காமிராக்காரர் புனாவில் இருந்தார். முதலியார் அவரை அண்டி, காமிராவைக் கையாளும் முறையின் ஆரம்பப் பாடங்களைக் கற்றுக்கொண்டார். தஞ்சாவூர்ச் செல்வந்தர் ஒருவரிடமிருந்து ஒரு வில்லியம்சன் காமிராவையும், படப்பிரதி எடுக்கும் கருவியையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார். சென்னை மில்லர்ஸ் ரோடில் ஒரு பங்களாவைப் பிடித்து, 1910-களின் பிற்பகுதியில் ‘கீசக வதம்’ என்ற மௌனப் படத்தை எடுத்து முடித்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அது. அதை எடுத்தவர் பெற்ற கல்வியெல்லாம் புனாவில் ஒரு வெளிநாட்டுக்காரரின் தயவில் கிடைத்ததே.

தயவு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அந்நாளில் சினிமாவைக் கற்றவர் எல்லோரும் யாரோ ஒருவருடைய தயவில்தான் கற்றார்கள். கோலாப்பூரில் பாபுராவ் பெயின்டர் என்ற ஓவியர், காமிரா வாங்க வழியில்லாமல் தாமே ஒரு காமிராவைச் செய்துகொண்டு படம் எடுக்கப் புறப்பட்டார். அவருடைய மஹாராஷ்டிர பிலிம் கம்பெனி உண்மையில் ஒரு குருகுலம். விஷ்ணுபந்த் தாம்லே, பத்தேலால், வி. சாந்தாராம் ஆகியோர் அங்கே ஏவிய வேலைகளைச் செய்து, பார்த்துப் பார்த்துத் தொழில் கற்றார்கள். பின்னர் அவர்களே வெளியே வந்து, வேறு இருவரையும் சேர்த்துக்கொண்டு, 1929-ஆம் ஆண்டு பிரபாத் பிலிம் கம்பெனியைத் தொடங்கினார்கள். கோலாப்பூரில் பிறந்த அந்தக் கம்பெனி 1933-இல் புனாவுக்குக் குடிபெயர்ந்தது. 1936-இல் வெளிவந்த அவர்களுடைய ‘சந்த் துக்காராம்’ மறு ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் சிறப்புப் பெற்றது. தமிழர்களும் பிரபாத்தை மறப்பதற்கில்லை. 1934-இல் வெளியான ‘சீதா கல்யாணம்’ என்ற தமிழ்ப் பேசும்படம் அந்தக் கம்பெனியின் தயாரிப்பே. பாபநாசம் சிவன் சினிமா இசைக்கு அறிமுகமானதும், பிற்காலத்தில் வீணை மேதையாகவும் படமுதலாளியாகவும் புகழ் பெற்ற எஸ். பாலசந்தர் சிறுவனாகத் திரையில் தோன்றியதும் அந்தப் படத்தில்தான்.

குருகுல முறைக்கு ஒரு பெருமை உண்டு. குருவின் கையைப் பார்த்துக் கற்ற வித்தை எளிதில் மறப்பதில்லை. ஆனால் அந்த முறையிலே மூன்று குறைகளும் இருந்தன. முதலாவது, குருகுலத்தின் வாசல் எல்லோருக்கும் திறப்பதில்லை. மாமனோ மைத்துனனோ உள்ளே இருந்தால் திறக்கும்; இல்லாவிட்டால் வாசலிலே வருஷக்கணக்கில் காத்து நிற்க வேண்டும். இரண்டாவது, எப்படிச் செய்வது என்பதைக் குரு காட்டுவார். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் கோபம் வந்துவிடும். மூன்றாவது, சீடன் தவறு செய்யவே கூடாது. முதலாளியின் பணம் பிலிமாக ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு தவறு என்பது ஒரு நஷ்டம். தவறு செய்ய அனுமதி இல்லாத இடத்தில் பழைய வழியை மீண்டும் செய்யலாமே தவிர, புதிய வழியைத் தேடிப் பார்க்க முடியாது.

இந்தக் குறைகளைத் தீர்க்க முடியும் என்று உலகுக்கு முதலில் காட்டிய ஊர் மாஸ்கோ. அங்கே 1919-இல் ஓர் அரசுத் திரைப்படப் பள்ளி தொடங்கப்பட்டது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ரொட்டிக்கே பஞ்சம் என்றால் பிலிமுக்குக் கேட்பானேன்! பள்ளி இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள், படம் பிடிக்கப் பிலிம் இல்லை. அங்கே ஆசிரியராக வந்த லெவ் குலெஷோவ், இருபது வயதைத் தாண்டிய இளைஞர். அவர் மாணவர்களைக் கொண்டு, பிலிமே இல்லாத படங்களை நடத்தினார். அதாவது, காமிராவுக்கு எப்படி நடிக்க வேண்டுமோ அப்படியே, ஒவ்வொரு காட்சித் துண்டாக, மேடையில் நடித்துக் காட்டச் செய்தார். மேலும், பழைய படங்களின் துண்டுகளை எடுத்து, வெட்டி, வேறு வரிசையில் ஒட்டிப் பார்த்தார்.

அப்படி ஒட்டிப் பார்த்ததில் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகம். அதையடுத்து ஒரு கிண்ணம் சூப்பு. அதே முகம், அடுத்து ஒரு சவப்பெட்டி. மீண்டும் அதே முகம்; அடுத்து விளையாடும் குழந்தை. பார்த்தவர்கள், பசியையும் துக்கத்தையும் வாஞ்சையையும் அந்த நடிகர் எவ்வளவு நயமாகக் காட்டுகிறார் என்று வியந்தார்களாம். முகமோ மூன்று இடத்திலும் ஒன்றுதான். இந்தச் சோதனையைக் குலெஷோவின் மாணவரான புடோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். ஒரு காட்சியின் பொருள் அக்காட்சியில் மட்டும் இல்லை, அதற்கு முன்னும் பின்னும் வரும் காட்சிகளில் இருக்கிறது என்ற சினிமா இலக்கணம் இவ்வாறு பிறந்தது. கத்தரிக்கோலும் ஒட்டும் பசையும் பிடித்த கையிலிருந்தே இந்தச் சாஸ்திரம் பிறந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஏட்டுச் சுரைக்காயும் ஒரு கொடியில் காய்த்ததுதான்!

நம் நாட்டிலும் இது பற்றிய யோசனை இல்லாமல் இல்லை. 1927-இல் அன்றைய அரசாங்கம் நியமித்த சினிமா விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை வழக்கறிஞரான திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அந்தக் குழு நாடெங்கும் சுற்றி, 350-க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1928-இல் விரிவான அறிக்கை கொடுத்தது. அதன் சிபாரிசுகளில் பெரும்பாலானவை அலமாரியிலேயே தங்கிவிட்டன. 1945-இல் சென்னை மத்தியப் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவையும் ஒலிப்பதிவையும் கற்பிக்கும் வகுப்புகள் தொடங்கின. காமிராவும் ஒலிக்கருவியும் இயந்திரங்கள் ஆகையால், அவற்றைப் பொறியியலோடு சேர்த்துக் கற்பிக்கலாம் என்பது எல்லோருக்கும் எளிதில் விளங்கிற்று. ஆனால் கதையைக் காட்சியாக நினைக்கும் கலையை எங்கே கற்பிப்பது?

சுதந்திரம் வந்தபின், 1949-இல், எஸ். கே. பாட்டீல் தலைமையில் மற்றொரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சாந்தாராமும் அதில் ஓர் அங்கத்தினர். பாபுராவ் பெயின்டரின் குருகுலத்தில் ஏவல் செய்து கற்றவரே, நாட்டுக்கு ஒரு கலாசாலை வேண்டும் என்று சொன்ன குழுவில் அமர்ந்திருந்தார். 1951-இல் வந்த அறிக்கை, படங்களுக்குக் கடன் கொடுக்க ஒரு ஸ்தாபனம், படக்கலையைக் கற்பிக்க ஒரு ஸ்தாபனம் என்று பல சிபாரிசுகளைச் செய்தது. அவை நிறைவேற ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. இதற்குள் பிரபாத் கம்பெனியே நொடித்துப்போய், அதன் தளங்களில் விளக்கு அணைந்துவிட்டது. 1960-இல் இந்திய அரசாங்கம் அந்த இடத்திலேயே இந்தியத் திரைப்படக் கலாசாலையை நிறுவியது. மறு ஆண்டு வகுப்புகள் ஆரம்பமாயின. பிரபாத்தில் ‘ராமசாஸ்திரி’ படத்தில் நடித்துப் பேர் பெற்ற கஜானன் ஜாகீர்தார் முதல் தலைவராக வந்தார். அவருக்குப் பின் வந்த ஜகத் முராரி, அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமா பயின்றவர். குருகுலத்தின் கையும் கலாசாலையின் ஏடும் இப்படித் தலைமைப் பதவியிலேயே ஒன்றையொன்று தொடர்ந்தன.

அங்கே பாடம் எப்படி நடந்தது? முதலில் ஏட்டுப் பக்கத்தைப் பார்ப்போம். ஆக்ராவில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்து, படச் சங்கம் நடத்திவந்த சதீஷ் பகதூர் என்பவர் 1963-இல் புனாவுக்கு வந்து, படங்களைச் சுவைத்து ஆராயும் பாடத்தை ஏற்றார். இலக்கிய ஆசிரியர் ஒரு செய்யுளைச் சீர் பிரித்துப் பொருள் சொல்வதுபோல, அவர் ஒரு படத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, இங்கே காமிரா ஏன் தாழ்ந்தது, இந்த ஓசை ஏன் முன்கூட்டியே வந்தது என்று மாணவர்களைக் கேட்பார். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ அவருடைய பாடப்புத்தகம். 1964-இல் அதே ஊரில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கியது. பி. கே. நாயர் என்ற கேரளத்துப் பெரியவர் நாடெங்கும் தேடித் தேடிப் பழைய படச்சுருள்களைச் சேர்த்தார். பழைய ஏடுகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்த உ. வே. சாமிநாதையரை நினைவூட்டும் உழைப்பு அது. அந்தக் காப்பகம் பக்கத்திலேயே இருந்தமையால், ஜப்பானியப் படத்தையும் இத்தாலியப் படத்தையும், இன்று நினைத்தால் இன்று பார்க்கும் பாக்கியம் மாணவர்களுக்குக் கிடைத்தது.

இனிக் கைப் பக்கம். பேசும்படத்தில் வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். ஆக, ஒரு நிமிஷப் படத்துக்கு 90 அடி பிலிம் வேண்டும். 400 அடிச் சுருள் ஒன்று நாலரை நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். மாணவனுக்குக் கிடைப்பதோ அளந்து கொடுத்த அடிகள்தாம். ஆகையால் காமிராவைத் திருப்பும் முன் அவன் காகிதத்தில் படத்தை எடுத்து முடித்துவிட வேண்டும். விளக்கு எங்கே, நடிகன் எங்கே நிற்பான், அடுத்த ஷாட்டோடு இது எப்படி ஒட்டும் என்பதையெல்லாம் முன்பே தீர்மானிக்க வேண்டும். காலையில் வகுப்பிலே கேட்ட சாஸ்திரம் மாலையில் இங்கேதான் பரீட்சைக்கு வரும். இயக்கம் பயில்பவன் ஒருவன், ஒளிப்பதிவு பயில்பவன் ஒருவன், ஒலி ஒருவன், தொகுப்பு ஒருவன் என நால்வர் சேர்ந்துதான் படிப்பின் முடிவில் ஒரு படத்தை எடுக்க வேண்டும். நால்வரும் நாலு மாகாணத்தார், நாலு மொழியினர். அவர்களுக்குப் பொதுமொழி ஷாட்டின் மொழியே. சாந்தாராம் நின்று படம் பிடித்த அதே தளத்தில், முதலாளியின் பணம் போய்விடும் என்ற பயமில்லாமல், அவர்கள் தவறு செய்தார்கள். தவறு ஏன் நேர்ந்தது என்று மறுநாள் திரையில் பார்த்துக் கற்றார்கள். குருகுலத்தில் கிடைக்காத மிகப் பெரிய உரிமை இதுவே.

1960-களின் நடுவில் சிறிது காலம் ரித்விக் கட்டக் அங்கே துணைத் தலைவராக இருந்தார். வங்கப் பிரிவினையில் தம் சொந்த மண்ணை இழந்து, அந்த இழப்பையே திரும்பத் திரும்பப் படமாக்கிய கலைஞர் அவர். உள்ளத்தில் சொல்ல ஒன்று இல்லாதவன் எவ்வளவு இலக்கணம் கற்றும் பயனில்லை என்பதற்கு அவரே வாழும் பாடமாக விளங்கினார். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள்.

இனி, இந்தக் கலாசாலையில் பயின்றவர்களால் விளைந்த பயன் என்ன என்று கேட்கலாம். திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் பட்டப்படிப்பை முடித்து, அந்த வட்டாரத்திலேயே அரசாங்க உத்தியோகம் பார்த்த ஓர் இளைஞர், 1962-இல் வேலையை விட்டுவிட்டுப் புனாவுக்குப் படிக்கப் போனார். அவர் பெயர் அடூர் கோபாலகிருஷ்ணன். படிப்பு முடிந்து ஊர் திரும்பினால் யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. நண்பர்களோடு சேர்ந்து ஒரு படச் சங்கத்தைத் தொடங்கி, நல்ல படங்களைப் பார்க்க ஜனங்களைப் பழக்கினார். ஒரு கூட்டுறவு ஸ்தாபனம் கண்டார். ‘சுயம்வரம்’ என்ற முதல் கதைப்படம் வெளிவந்தது 1972-இல். இடையில் ஏழாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அந்தப் படம் அவ்வாண்டின் மிகச் சிறந்த இந்தியப் படம் என்ற தேசிய விருதைப் பெற்றது.

ஈழத்தில் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா புனாவில் ஒளிப்பதிவு கற்றார். சன்னல் வழியே வரும் வெயிலை அதன் இயல்பு கெடாமல் பிடிக்கலாம் என்று அவர் காட்டியபோது, தமிழ்ப் படத்தின் முகமே மாறிற்று. ‘மூன்றாம் பிறை’யும் ‘வீடு’ம் அந்தக் கண் கண்டவை. முதுமையில் அவர் சென்னையில் தாமே ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினார், 2014-இல் மறைந்தார். கற்றவர் கற்பிப்பவராகவும் ஆனார். ஜான் ஆபிரகாம் 1977-இல் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யைத் தமிழில் எடுத்தார். புனாவில் பயின்ற ஹரிஹரன் 1982-இல் ‘ஏழாவது மனிதன்’ படத்தை எடுத்தபோது, அதன் கதாநாயகனாக அறிமுகமான ரகுவரன் சென்னைத் திரைப்படப் பள்ளியில் நடிப்புப் பயின்றவர். இரண்டு கலாசாலைகள் ஒரே படத்தில் சந்தித்தன. அடையாற்றிலிருந்த அந்தச் சென்னைப் பள்ளியின் மாணவர்கள் கூடி 1986-இல் ‘ஊமை விழிகள்’ எடுத்து, பள்ளிக்கூடத்துப் பையன்களால் ஜனங்கள் திரண்டு பார்க்கும் படமும் எடுக்க முடியும் என்று காட்டிவிட்டார்கள். ஸ்டூடியோ வாசலில் எழுந்த பழைய கேள்வி அதன்பின் பெரும்பாலும் அடங்கிற்று.

ஆயினும் நியாயத்தை மறைக்கலாகாது. புனாவில் பாடப்புத்தகமாக விளங்கிய ‘பதேர் பாஞ்சாலி’யை எடுத்த ராய் எந்தக் கலாசாலையிலும் சினிமா கற்றவர் அல்லர். விளம்பரக் கம்பெனியில் சித்திரம் வரைந்துகொண்டு, நண்பர்களோடு 1947-இல் கல்கத்தாவில் படச் சங்கம் தொடங்கி, பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவார் வங்காளத்தில் படம் எடுத்தபோது அருகிருந்து பார்த்துக் கற்றவர். கலாசாலை மேதையைப் படைப்பதில்லை. மேலும், குறித்த காலத்தில் படிப்பு முடியாமல் ஆண்டுக்கணக்கில் நீண்டதும், மாணவர் வேலைநிறுத்தங்கள் மூண்டதும் புனாவின் வரலாற்றில் உண்டு. இவையெல்லாம் உண்மை. ஆனால் ராய்க்குக் கல்கத்தாவும், புத்தகங்களும், ரெனுவாரும் வாய்த்தன. காந்திகிராமத்து உத்தியோகஸ்தருக்கும் அமிர்தகழி இளைஞருக்கும் அவை எங்கே கிடைக்கும்? உறவோ தயவோ இல்லாதவனும் பரீட்சை எழுதி உள்ளே வரலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைப்பதே கலாசாலையின் பணி.

1974-இல் தொலைக்காட்சிப் பயிற்சியும் புனாவுக்கு வந்து சேர்ந்தது; கலாசாலையின் பெயரும் அதற்கேற்ப நீண்டது. இன்று பிலிம் சுருளின் இடத்தை மின்னணுக் காமிரா பிடித்துக்கொண்டது. அளந்து கொடுத்த அடிகள் என்ற கட்டுப்பாடு இப்பொழுது இல்லை; கையிலுள்ள தொலைபேசியிலேயே நாள் முழுவதும் படம் பிடிக்கலாம். கைக்குப் பஞ்சம் தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆகவே, எதைப் பிடிப்பது, ஏன் பிடிப்பது, எதை வெட்டி எறிவது என்று கேட்கும் ஏட்டுக்கு முன்னைக் காட்டிலும் அவசியம் கூடியிருக்கிறது.

இந்தக் கலாசாலையில் பயின்ற பாயல் கபாடியா என்ற பெண்மணியின் படம் 2024-இல் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரும் பரிசைப் பெற்றது. கேரளத்திலிருந்து பிழைப்புக்காக மும்பைக்கு வந்த செவிலியர்களின் கதை அது. சொந்த ஊரை விட்டு வந்து, மின்சார ரயிலில் நசுங்கி, வாடகை அறையில் தாய்மொழியில் பேசிக்கொள்ளும் வாழ்க்கையை, மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வாழ்க்கையை உலகம் எழுந்து நின்று பார்க்கும்படி செய்த பயிற்சியில் ஒரு பங்கு புனாவில் கிடைத்தது.

நூறு ஆண்டுகளுக்கு முன் நடராஜ முதலியார் ஓர் ஆங்கிலேயரின் தயவை நாடிப் புனா சென்றார். இன்று நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், அல்லது ஒரு பெண், சினிமா படிக்கப் போகிறேன் என்று சொன்னால், நாம் உடனே பழமொழியைச் சொல்லி அடக்கிவிட வேண்டியதில்லை. பரீட்சை இருக்கிறது, கதவும் இருக்கிறது. உள்ளத்தில் சொல்ல ஏதேனும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, வண்டிச் செலவைக் கொடுத்து அனுப்பலாம்.